ஒன்றரை ஆட்டம்

நவம்பர் முதல் ஞாயிறு, டயர்க் கடை ஷட்டரைப்
பாதி இறக்கிவிட்டு சிக்கந்தர் ராவுத்தர் பெயர்களை வாசித்தார்.
ஜனதா டயர்ஸ், கொழிஞ்சாம்பாறை.
செவன்ஸ் சீசனுக்கு ஏழு பேர், மாற்றுக்கு மூன்று.
பத்தாவது நான்.
கோலி என்று எழுதி
பக்கத்தில் பொடி எழுத்தில்: ஐஸ்.

ஐஸ் என்றால்
மீன் மார்க்கெட்டில் அரைக்கட்டி வாங்கிச்
சாக்கில் சுற்றி வேனின் கடைசி சீட்டுக்கடியில் தள்ளி
இடைவேளையில் ஜாக்கிக் கம்பியால் உடைத்து
எந்தக் கணுக்கால் வீங்குகிறதோ அதில் வைத்துக் கட்டுவது.
அதனால் எங்கள் டீமின் எல்லாக் கால்களிலும்
மத்தி வாசனை.
மன்ரோவியாவில் தன் தெருவும் இப்படித்தான் என்றான் ஃப்ளோமோ.
அவனுக்கு ஆட்டத்துக்கு மூவாயிரம்.
எனக்கு இருநூற்றைம்பதும் பொரோட்டாவும்.

கமுகுத் தடியில் கட்டிய கேலரி
ஒவ்வொரு கோலுக்கும் முனகும்.
மன்னார்க்காட்டு மைக்கில் நாங்கள் பாண்டி டீம்.
பொள்ளாச்சிக்குப் போனால் மலையாளத்தான் டீம்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டில் மட்டும்
எந்த டீமும் இல்லை, இறங்கு, சாக்கில் என்ன?
தண்ணீர் சார்.
ஊரில் சிரித்தார்கள். அங்கே சிரிக்கவில்லை.

மொத்தம் நாற்பத்தொரு ஆட்டம்.
நான் இறங்கியது ஒன்றரை.

அரை எப்படி என்றால்,
ஜனவரியில் ஒரு ராத்திரி, இடைவேளையில்
வினயனுக்குப் போன்: சித்தூர் ஆஸ்பத்திரி, பெண் குழந்தை.
க்ளவுஸைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு
யாரோ ஒருவரின் பைக்கில் ஏறினான்.
உள்ளே அவன் வியர்வை இன்னும் சூடாக இருந்தது.
முப்பது நிமிடம். ஒரு பந்துகூட என்னிடம் வரவில்லை.
மூன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்தோம்.
வலையில் மாட்டிய ஒரு விட்டில்பூச்சியை
மெதுவாக எடுத்து விட்டேன், அவ்வளவுதான் நான் பிடித்தது.

காலையில் ஆற்றோர மைதானத்தில்
ஃப்ளோமோ எனக்குப் பெனால்டி அடிப்பான், நூறு வரை.
காலரால் மூக்கைத் துடைத்தால் வலப்பக்கம்.
துடைக்காவிட்டால் இடம்.
எழுபதாவதில் கண்டுபிடித்தேன், சொல்லவில்லை.

மார்ச்சில் ராவுத்தருக்கு இரண்டு லோடு ரப்பர் கடன்.
ஃப்ளோமோவை வேங்கரைக்காரர்களுக்கு விட்டார்,
மீதி சீசனுக்கு மொத்தமாக ஒரு தொகை.
அவன் பையைத் தூக்கிக்கொண்டு
எல்லோருக்கும் கை கொடுத்தான்,
ஐஸ் சாக்குக்கும் ஒரு தட்டு.

ஏப்ரல், அரையிறுதி. எதிரே வேங்கரை.
வினயனின் தோள் முந்தின ஆட்டத்தில் இறங்கிவிட்டது.
இதுதான் அந்த ஒன்று.
ஒன்றுக்கொன்று, பிறகு பெனால்டி.
கடைசிப் பந்தோடு வந்தவன் ஃப்ளோமோ.
நொண்டிக்கொண்டே வந்தான்.
காலரை எடுத்தான், மூக்கைத் துடைத்தான்.
வலப்பக்கம் பாய்ந்தேன், முழு உடம்போடு,
நாற்பது ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்த உடம்போடு.
பந்து நேரே போனது.
நான் நின்றிருந்த இடத்துக்கு,
நல்ல பிள்ளை மாதிரி, உருண்டு.

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எழுபதிலிருந்தா,
அதற்கு முன்பிருந்தா, கேட்க வேண்டும்.

பட்டாசு ஓய்ந்ததும் எங்கள் வேனுக்கு வந்தான்.
படியில் உட்கார்ந்து காலுறையை உருவினான்.
கணுக்கால் பப்பாளி அளவு.
சாக்கை இழுத்தேன்.
"அவன் இப்ப அந்த டீம்டா" என்றார் ராவுத்தர்.
கட்டியில் கால்வாசி மீதி.
உருகத்தானே போகுது என்றேன்.
நோட்டை எடுத்து, என் கணக்கில் முப்பது ரூபாய் பிடித்தார்,
கோபமில்லாமல், ஒழுங்கான எழுத்தில்.
கட்டி முடித்தேன்.
ஃப்ளோமோ தன் முழங்காலை முகர்ந்து பார்த்து
"வீடு" என்றான் தமிழில்.

திரும்பும்போது யாரும் பாட்டுப் போடவில்லை.
வண்டித்தாவளம் வளைவில், ஒரு கையைத் தூக்கில் தொங்கவிட்டிருந்த
வினயனிடம், மகளுக்கு என்ன பெயர் என்றேன்.
மூன்று மாதமாய்த் தோன்றாத கேள்வி.
சொன்னான்.
வேன் இரைச்சலில் கேட்கவில்லை.
மறுபடி கேட்கவும் இல்லை.