முழங்கால் வரை

தங்கச்சிமடத்தில் என்னை எல்டர் என்று அழைப்பவன் ஒருவன்தான்.
அவனை நானும் அப்படித்தான் அழைக்க வேண்டும்.
மூப்பர் என்று பொருள்.
எனக்கு இருபது. ராஜமுந்திரிப் பொலிமேராவுக்குப் பத்தொன்பதரை.
மீசை வைக்கக் கூடாது என்பது விதி,
வைத்தாலும் வராது என்பது நிலவரம்.

ஆறரைக்கு எழுந்து ஜெபம், பாடம், கட்டிதட்டிய உப்புமா.
வெள்ளைச் சட்டை, டை,
நெஞ்சில் கறுப்புப் பெயர்வில்லை: எல்டர் அருமைநாயகம்.
ஒன்பது மணிக்குள் காலரில் உப்பு பூத்துவிடும்.

எங்களைக் கண்டதும் தெருவில் கதவுகள் சாத்தப்படும்.
இயேசுவுக்கு எதிராக அல்ல,
குழுக்கடன் வசூலுக்கு வரும் பையன்களும்
இப்படித்தான் இன் பண்ணி, இரண்டிரண்டு பேராக வருவார்களாம்.
கடன் கேட்க வரவில்லை என்றதும்
கதவு திறக்கும், நாற்காலி வரும், டீ வரும்.
டீ குடிக்க மாட்டோம்.
அப்ப காப்பி?
அதுவும்.
"சுகர் இருக்காப்பா, இந்த வயசுலயே?"

சலேத்தம்மாள் மட்டும் நன்னாரி சர்பத் கலக்கித் தருவாள்.
ஒரு மணிநேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்,
தீர்க்கதரிசி, பொன்தகடுகள், குடும்பங்கள் என்றென்றைக்கும்
என்கிற இடத்தில்
"என் வீட்டுக்காரரோட என்றென்றைக்குமா?" என்று ஒருமுறை சிரித்தாள்.
பிறகு சொன்னாள்:
"எங்க அந்தோணியார் மீனுக்கே பிரசங்கம் பண்ணவரு.
நீங்க ரெண்டு பேரும்
தண்ணியில கால்கூட நனைக்க மாட்டேங்கிறீங்க."

அதுவும் விதிதான். இரண்டு வருடம் நீந்தக் கூடாது.
மூன்று பக்கமும் கடல் தெரியும் ஊரில்
ஷூ போட்டுக்கொண்டு அதன் ஓரமாக நடக்கிறேன்.

செவ்வாயும் வியாழனும் சேவை நேரம்.
கரையில் உட்கார்ந்து, பெண்களோடு,
நைலான் கயிற்றில் பாசி விதை கட்டுவோம்.
என் முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே இருந்தன.
"கழுத்துல மட்டும் நல்லாக் கட்டத் தெரியுது" என்றாள் ஜெனோவா.

ஐப்பசியில் ஒரு வியாழன்,
பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
கூண்டு என்றால் எனக்கு வேறு.
கோலார் தங்கவயலில் அப்பா கூண்டில் இறங்கியவர்,
சுரங்கம் மூடிய பிறகு
விடிகாலை ரயிலில் பெங்களூர் போய்
யாருடைய கேட்டையோ காப்பவர்.
கூண்டு ஏறும் ஊரைப் பற்றிப் போனில் சொன்னபோது
"மேலே போனா பயமில்லையே" என்றார்.

வாடை திரும்பிவிட்டது.
மூங்கில் மிதவைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன,
நாற்பத்தைந்து நாள் வளர்ந்த பாசியோடு.
கழுத்தளவு தண்ணீரில் நான்கு பெண்கள்,
சலேத்தம்மாளின் கயிறு மட்டும் கரைக்கு வரவில்லை.
அவள் என்னைக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

ஷூவைக் கழற்றினேனா என்று நினைவில்லை.
கயிறு உள்ளங்கையை அறுத்தது.
டை மிதந்து முகத்தில் அடித்தது.
கரையில் பொலிமேரா
என்னைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டிய விதியை மட்டும்
கைப்பிடித்து நின்றான், தெலுங்கில் கத்திக்கொண்டு.

மிதவை ஏறியதும் யாரும் எதுவும் சொல்லவில்லை.
அவர்களுக்கு இன்னும் மூன்று மிதவைகள் இருந்தன.

மிஷன் தலைவருக்கு வாரக் கடிதம்:
சந்தித்த வீடுகள் பதினொன்று.
திரும்ப வரச் சொன்னவர்கள் இரண்டு.
ஆங்கில வகுப்புக்கு ஏழு பிள்ளைகள்.
சேவையின்போது தண்ணீரில் இறங்க நேர்ந்தது,
முழங்கால் வரை.

திங்கள் துவைக்கிற நாள்.
சட்டையை இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்டேன்.
காய்ந்தபின் உப்புக்கோடு
பெயர்வில்லை குத்தும் துளைகளுக்கு மேலே,
குறுக்காக, வெள்ளையில் வெள்ளையாக.
பொலிமேரா கொஞ்ச நேரம் பார்த்தான்.
"இதுக்குக் கஞ்சி போட்டியா?" என்றான்.
ஆமாம் என்றேன்.