ஒன்பதாம் ஸ்தலம்

போன வருடம் இயேசுவாக நடித்த பெடியன்
கட்டாருக்குப் போய்விட்டான்.
தாடியும் இருக்கிறது, தோளும் இருக்கிறது என்று
கஸ்பாரைக் கூட்டிவந்தார் சுவாமி.
புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில்
இருபத்திரண்டு வருடமாக வெங்காய மூட்டை தூக்கும் நாட்டாமி.

சிலுவையைத் தோளில் வைத்துப் பார்த்தான். சிரித்தான்.
"என்ன டீச்சர், உள்ள ஒண்ணுமில்லையே?"
பிளைவூட் பெட்டிதான். கபில நிறம் பூசியது.
பாரம் முகத்தில் தெரிந்தால் போதும் என்றேன்.
"பாரம் முகத்துக்கு வராது டீச்சர்,
அது நேரா முழங்காலுக்குத்தான் போகும்."

அந்தத் தவக்காலம் நான் சீனியை விட்டிருந்தேன்.
நாலு பேரிடம் அதைச் சொல்லியும் இருந்தேன்.

ஒத்திகையில் அவனுக்கு விழ வரவில்லை.
குந்தி,
முட்டைப் பெட்டி இறக்குவதுபோல்
சிலுவையைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்து,
பிறகு அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.
விழுங்கோ கஸ்பார், விழுங்கோ! என்று கத்தினேன்.
"மூட்டை விழுந்தா சம்பளத்துல கழிச்சிருவாங்க.
முதல்ல சாமான், பொறகு நாம.
ஒடம்பு அப்பிடிப் பழகிப் போச்சு டீச்சர்."

பெரிய வெள்ளி.
கோயில் வாசலில் பை சோதிக்கும் பொலிஸ்காரன்
சிலுவையையும் நிறுத்தினான்.
காது வைத்து, விரலால் தட்டிப் பார்த்தான்.
அந்த உயிர்ப்பு ஞாயிறன்று
அவனுக்குப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும்.
யாரும் சிரிக்கவில்லை.

ஜம்பட்டா வீதியில் முதலாம் விழுதல்: குந்தி, வைத்து, படுத்தான்.
இரண்டாவதும் அப்படியே.
சனம் ஒன்றையொன்று பார்த்தது.
எனக்கு வெட்கம்.

விவேகானந்தா மேட்டில் ஏறும்போது
தார் காலில் ஒட்டியது.
விடியற்காலை இரண்டு லொறி இறக்கிவிட்டு,
பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் வந்தவன் அவன்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

விழுந்தான்.
முகம் முதலில், பிறகு மரம்.
அந்தச் சத்தம் ஒத்திகையில் இல்லாதது.

காட்போட் தலைக்கவசம் போட்ட சேவகர்கள்
கயிற்றுச் சாட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.
சீமோன் வேடக்காரர்
ஐந்தாம் ஸ்தலத்தோடு வேலை முடிந்ததென்று
எப்போதோ நிழலுக்குப் போயிருந்தார்.

எதிர்ப்பக்கக் கடை வாசலில் இருந்து
சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒருவன் ஓடிவந்தான்.
பளீல். அதே தெரு நாட்டாமி.
"விடு மச்சான், நான் புடிக்கிறேன்."
ஒரு முனையைத் தூக்கியவன்
அதில் பாரமே இல்லாததைக் கண்டு
நிமிர்ந்து
என்னைப் பார்த்தான்.

கையிலிருந்த தாளில் ஒன்பதாம் ஸ்தலத்துத் தியானம்
பெரிய எழுத்தில் இருந்தது.
எனக்குக் குரல் வரவில்லை.
மைக்கில் என் மூச்சு மட்டும்
தெருவெல்லாம் கேட்டது.

சனிக்கிழமை காலை.
திருப்பேழைக் கதவு திறந்து கிடந்தது.
விளக்கு இல்லை. பூ இல்லை.
நெற்றியில் பிளாஸ்டரோடு கஸ்பார் வந்து
சாத்தி வைத்த சிலுவையின் அடிமூலையைத் தடவினான்.
பிளைவூட் பிளந்திருந்தது.
உள்ளே
கை நுழையுமளவு இருட்டு.

"இதுக்கு எவ்வளவு கழிப்பீங்க, டீச்சர்?"