சக்குபந்தி

திருமங்கலம் சார்பதிவகத்தில்
காலையிலிருந்து சர்வர் இல்லை.
டோக்கன் முப்பத்தேழு, ஒச்சம்மாள்,
என் மேஜைக்கு எதிரே
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் பத்திரம் எழுதுகிறவன்.
இருபத்தாறு வருஷமாய்
ஊர் நிலத்துக்கெல்லாம் ஓரம் எழுதியவன்:
வண்டிப்பாதைக்குக் கிழக்கு,
பிச்சைக்கனி புஞ்சைக்கு மேற்கு,
ஓடைக்கு வடக்கு.
ஓரம் என்பது
அடுத்தவன் பெயரும் ஒரு 'கு'வும்.
அவ்வளவுதான்.

சர்வர் வராத மத்தியானம்
கை சும்மா இருக்காது.
பழைய வரைவுத் தாளின் பின்பக்கம்
பிரபஞ்சத்துக்குச் சொத்து விவரம் எழுதினேன்.
தாலுகா, கிராமம், சர்வே எண்: கோடு.
விஸ்தீரணம்: பிறகு பார்க்கலாம்.
மால்:
. . . . . . . . க்குக் கிழக்கு

அங்கேயே நின்றுவிட்டது பேனா.
'கு' தயார். முன்னால் போட ஆளில்லை.
சுவர் என்று போட்டால்
சுவருக்கு அந்தப் பக்கம் பட்டா யார் பேரில்?
வெறும் இடம் என்று போட்டால்
அதுவும் இடம்தானே, உள்ளே சேர்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தால்?
வெளிச்சம்தான் அங்கே குமாஸ்தா.
ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷம்
பின்னால் போய் ஏடு புரட்டும்.
அதற்கு முன் பதிவில்லை என்று சீல் வைக்கும்.
ஏடு தீர்ந்த இடம் அது.
நிலமும் அங்கே தீர்ந்ததென்று
எந்தச் சான்றிலும் நான் படித்ததில்லை.

குடியிருப்பது மதுரையில், மேல வெளி வீதி.
கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது
ஊர் அதோடு முடிந்தது.
இப்போது ஊர் நடுவில்
ஜங்ஷன் ஆட்டோக்களுக்கு வழிவிட்டு நிற்கிறது 'வெளி'.
ஆகாயத்துக்கும் அதே பெயர்தான்.
சாப்பிட்ட பிறகு நடப்பேன்:
மேல, வடக்கு, கீழ, தெற்கு,
நாலு திருப்பம், மறுபடியும் என் வாசல்.
டேப் பிடித்து அளந்துவிடலாம் அந்தத் தெருவை.
ஓரம் மட்டும் ஒரு ராத்திரியும் வந்ததில்லை.

"என்ன எழுதுறீக?"
ஒரு பெரிய சொத்து,
நாலா பக்கமும் யாருமில்லை என்றேன்.
ஒச்சம்மாள் யோசிக்கவில்லை.
"எங்க புஞ்சையில பாதிய வித்தப்பயும்
கெழக்க யாரும் இல்ல, நம்ம நெலந்தேன்.
அதுக்கு என்னமோ எழுதுனீகளே?"

எழுதியிருந்தேன்.
நம்மில் மீதி நிலத்துக்கு மேற்கு.

தாளை இழுத்து நிரப்பினேன்:
நம்மில் மீதிக்குக் கிழக்கு,
நம்மில் மீதிக்கு மேற்கு,
நம்மில் மீதிக்கு வடக்கு—

சர்வர் வந்துவிட்டது.
முப்பத்தேழைக் கூப்பிட்டார்கள்.
தெற்கு இன்னும் காலி.
செருப்பைத் தேடியபடி அவள் கேட்டாள்:
"அத வாங்குறது யாரு?"