பிற

புதுவயல் அரிசி ஆலைக்குப் பின்தெரு.
அடைக்கலம், வயது ஐம்பத்தொன்று,
கொதிகலனுக்கு உமி தள்ளியவர்.
வலது தாடை இல்லை. பேச்சு இல்லை.
டேப்லெட்டில் இதற்கெல்லாம் கட்டங்கள் உண்டு.
வலி, பத்துக்கு நான்கு.
புண், வாடை குறைந்திருக்கிறது.
மனநிலை என்ற இடத்தைத் தொட்டால்
மூன்று சொற்கள் இறங்கி வரும்:
அமைதி, கவலை, மதிப்பிடவில்லை.

அன்று கட்டு மாற்றி முடித்ததும்
தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து
என் கையில் வைத்தார்.
'ஈ.பி. ஆபீஸ்' என்று சேமித்த எண்.
கரண்ட் இருக்கே அண்ணே, என்றேன்.
அழுத்து என்றார் கண்ணால்.

எடுத்தது ஒரு பெண்.
பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல், திருப்பூர்.
வேறு சாதிப் பையனோடு போனவள்.
ஆறு வருஷத்துக்கு முன் தெருவே பார்க்க
இவர் தலைமுழுகிய பிள்ளை.
வாந்தி நின்னுருச்சுப்பா, என்றாள்.
நகத்தால் போனைத் தட்டினார்,
ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு.
சாப்பிட்டியாப்பா?
ஒன்று.
பொய். குழாயில் போனது அரை டம்ளர் கஞ்சித்தண்ணி.

வைத்ததும் சிலேட்டில் எழுதினார்:
இதை எழுதாதே.

நாற்பது நிமிடம் என்ன செய்தாய் என்று
காரைக்குடியில் கேட்பார்கள்.
அடுத்த வாரம் எனக்கு விடுப்பு, ரெஜினா வருவாள்.
எழுதாவிட்டால் கட்டை மாற்றிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.
எழுதினால், அவர் வீட்டுச் சாவியை
மாவட்டம் முழுக்க நகலெடுத்துக் கொடுத்த மாதிரி.

'பிற' என்ற பெட்டியில் நூற்றிருபது எழுத்துக்கு இடம்.
ஊருணிக்கரையில் வண்டியை நிறுத்தி
மூன்று முறை அடித்து, அழித்து, எழுதினேன்:
"கிளம்புமுன் ஈ.பி. ஆபீசுக்கு போன் போடவும்.
இடது காதில் பிடிக்கவும். கதவைச் சாத்தவும்.
கரண்டைப் பற்றிக் கேட்க வேண்டாம்."

விடுப்பு முடிந்து திறந்தால் ரெஜினாவின் குறிப்பு:
"பேசியாச்சு. பதினேழு நிமிடம். கை மரத்துவிட்டது.
மின்சாரம் சீராக உள்ளது."
மேற்பார்வையாளர் அதற்கொரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அந்த வியாழன் நான் செருப்பு மாட்டும்போது
பஞ்சவர்ணம், சேலையில் படிந்த உமித்தூசியை உதறியபடி,
என்னைப் பார்க்காமல்:
"ஈ.பி. ஆபீசுக்கு இது எத்தனாவது மாசம்?"
நான் செருப்பையே பார்த்தேன்.
"அந்த நம்பர எனக்கும் குடு தாயி."

மறுபடி உள்ளே போனேன். கேட்டேன்.
விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது.
பிறகு, கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு.
இன்னொன்று வருமோ என்று நின்றேன்.
வரவில்லை.

குடும்பத் தொடர்பு. இரண்டாவது எண். சேர்.
பெயர், பவளம்.
உறவுமுறையைத் தொட்டதும் பட்டியல் இறங்கியது.
கணவர், மனைவி, மகன்.
நான்காவதாக,
இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது,
மகள்.