கிழிந்த விளிம்பு

குலசேகரத்தில் என் ரப்பர் ஷீட்டுகள் காயும்
புகைப்புரையின் மேல்தட்டில்
லத்தீன் நீதிக்கதைகள், பதினோரு பிரதிகள்.
வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊர்.
புத்தகப்பூச்சிக்குப் புகை ஆகாது.
ஒரு பிரதியை லிஸ்பன்காரனுக்கு விற்றேன்.
டயர் எரிந்த வாடை என்று திருப்பி அனுப்பிவிட்டான்.
தபால்கூலியும் என் தலையில்.
அப்புறம் எதையும் விற்கவில்லை.

லத்தீன் தெரியாது எனக்கு.
வுல்பெஸ் என்றால் நரி. சிகோனியா, நாரை.
மற்றபடி, முதல் பக்கத்தின் அடியில்
வருஷத்தைக் கூட்டிப் பார்க்க
ரோமன் எண்கள்.

பதினொன்றில் மூத்தது
கோட்டாறு ஆக்கர் கடையில்
பழைய வருமானவரிப் படிவங்களோடு கட்டிக் கிடந்தது,
கிலோ பன்னிரண்டு ரூபாய்.
ஆட்டுத்தோல் அட்டை.
நாற்பத்தேழாம் தாளில் மிஞ்சியது
தையலை ஒட்டி ஒரு விரல் அகலக் கிழிசல்.
நாற்பத்தாறில் நரி விருந்து வைக்கிறது:
தட்டையான தாம்பாளத்தில் கஞ்சி.
நாரை கொத்திக்கொண்டே இருக்கிறது.
முந்நூறு வருஷமாய் ஒரு வாய் இறங்கவில்லை.

காணாமல்போன தாள் குளச்சலில் இருந்தது,
வலைக்கடை கிளீட்டஸிடம்.

தக்கலையில் பஸ் மாறி
திங்கள்சந்தை வழியாகப் போனேன்,
புத்தகத்தை மடியில் வைத்து
அதன்மேல் குடையை வைத்து.
அவன் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை உருவினான்.
இப்போது நாரையின் விருந்து: நெடுங்கழுத்துக் குடுவை,
வெளியே வழிந்ததை நக்கும் நரி.

கிழிசலோடு தாளைச் சேர்த்து வைத்தான்.
ஒரு நூல் பிசகவில்லை.
பூச்சி அரித்த துளைகூட
என் நரியின் காதில் நுழைந்து
அவன் குடுவையின் கழுத்தில் வெளியே வந்தது.
விசிறியை நிறுத்தச் சொன்னான்.
பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புத்தகத்தைத் தாரும். என்ன வேணும்?"
"நீரு தாளைத் தாரும் வேய்."
"ஒத்தத் தாளுதான். ஆனா முடிவு எனக்க கையிலயாக்கும்."
"முடிவ மட்டும் வச்சு என்ன செய்வீரு?"

அதற்குள் மரச்சீனியும் சாளைக் குழம்பும் வந்தன,
ஆளுக்கொரு தட்டில்.
எனக்குச் சிரிப்பு முட்டியது, அவனுக்கும்தான்.
சாளை முள்ளுக்குப் பயந்து அடக்கிக்கொண்டோம்.
நன்றாகவே சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது
தாள் உறைக்குள் போயிருந்தது.

வருகிற ஞாயிறு அவன் குலசேகரம் வருகிறான்.
என்ன சமைக்க என்று ஷோபனா கேட்கிறாள்.
எதில் பரிமாறுவது என்று
நான் அலமாரியைத் திறந்துவைத்து நிற்கிறேன்.