கொஞ்சம் இருக்கு

கண்டியில் ஒரு நாளத்தைத் திறந்து
ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.
மற்ற இரண்டையும் திரையில் காட்டி,
"இதிலயும் கொஞ்சம் இருக்கு,
இப்ப தொடத் தேவையில்ல" என்றார்
செனவிரத்ன டொக்டர்,
மிச்சக் காசை எண்ணித் தருகிற குரலில்.

அந்தக் கொஞ்சத்தோடுதான்
திருகோணமலை பஸ் ஏறினேன்.
ஹபரணை வரைக்கும் நெஞ்சிலிருந்து கை எடுக்கவில்லை.

முப்பத்தொரு வருசம் இழுவைப் படகில்.
இந்தத் துறைமுகத்தின் அடித்தளம் எனக்குப் பாடம்.
கருநீலம் என்றால் ஆழம், பச்சை என்றால் மணல்,
அதெல்லாம் கரையில் நிற்பவன் கதை.
ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கினால்தான்
பாறை எத்தனை பாகத்தில் என்று தெரியும்.
கயிறு பாறையைக் காட்டாது.
ஓர் எண் சொல்லும், அவ்வளவுதான்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் முழங்கை மடிப்பில்
முஃப்லிஹா குண்டு இறக்குகிறாள்.
"கையைப் பொத்துங்க அங்கிள்."
கொழுப்புக்கு ஒரு குப்பி, சீனிக்கு ஒன்று,
உள்ளே எங்கோ கனன்றுகொண்டிருப்பதற்கு
சி.ஆர்.பி. என்று ஒன்று.

போன கிழமை ரிப்போர்ட்டைப் பார்க்கத் தைரியம் வராமல்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
கோட்டை ஆலமரத்தடியில்
கடலைப் பார்த்து நின்றேன்.
பின்னால் வந்த மான்
கடதாசியைச் சாவகாசமாய் மென்றது.
பிடுங்கி எடுத்தபோது
மூன்று இருந்தது, எட்டு இருந்தது,
நடுவில் ஈரமாய் ஓர் ஓட்டை.

மூன்று தசம் எட்டா, முப்பத்தெட்டா?
உடம்பெல்லாம் புள்ளி வைத்திருக்கிற பிராணிக்கு
என்னுடைய ஒரே புள்ளியும்
தேவைப்பட்டிருக்கிறது.

ஃபோனில் முஃப்லிஹா சிரித்து முடிவதற்குள்
ஒரு சிமெந்துக் கப்பல் வளைந்து உள்ளே வந்துவிட்டது.
"மூன்று தசம் எட்டு அங்கிள்.
போனமுறை ஆறு. இறங்குது. ஆனா..."
"கொஞ்சம் இருக்கு" என்றேன்.

வாய்க்காலின் இடப்பக்கம் ஒரு பாறை உண்டு.
நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் அதை
உடைக்கப்போவதாகத்தான் சொன்னார்கள்.
பிறகு ஒரு மிதவையைக் கட்டிவிட்டுப் போனார்கள்.
வருசத்துக்கு ஒருமுறை யாராவது போய்
அளந்து பார்க்கிறார்கள்.
கப்பல்கள் விலகிப் போகின்றன.

இரவு புஷ்பவதி
உப்பில்லாமல் கணவாய்க் கறி வைத்திருந்தாள்.
அதற்குத்தான் அன்றைக்கு
நெஞ்சுரம் வேண்டியிருந்தது.