ஏழின் குறுக்கே ஒரு கோடு

பினாங்குத் தெருவில்
மசாலா அரைக்கும் கடை வாசல்.
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி,
நெற்றிக்கு நீட்டும் வெப்பமானி,
கயிறு கட்டிய பேனா, நோட்டு.

மில்லில் மிளகாய் இறங்கும் நேரம்
தெருவே தும்மும்.
முன்பு "நூறு" என்பார்கள்.
இப்போது பாய்ந்து விலகுகிறார்கள்,
காரம் எது காய்ச்சல் எது
தெரியாமல்.

டயர் கடை ஊய்
நேற்றைய பச்சைத் திரையைப் படம்பிடித்து
இன்றைக்கும் காட்டி நுழைவார்.
நோட்டில் எழுதுபவர்களில்
ஒரே காலையில் நான்கு லெட்சுமி,
நான்கு பேருக்கும்
ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாய் எண்.
"நான் எங்க போறேன்னு கவர்மெண்டுக்கு எதுக்குமா?"
கேட்டவர்தான்
கழிவு அட்டைக்காகப் பேரங்காடியில்
பிறந்த தேதிவரை கொடுத்திருந்தார்.

ஷோஹாக் பேனாவைத் தொடமாட்டான்.
மல்லித்தூளுக்கான காசைப் படியில் வைத்துவிட்டுச்
சாலைக்கு அப்பால் போய் நிற்பான்.
பெயர் எழுதினால் லோரி வரும் என்பான்.
வராது என்று
நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சுகாதார இலாகா அழைத்தது.
பதினாலாம் தேதி, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு.
அந்தப் பக்கத்தில் பதினேழு பேர்.
முதல் ஒன்பது எண்ணுக்கும் உயிரில்லை.
பத்தாவதை ஒரு பெண் எடுத்தாள்,
தைப்பிங்கிலிருந்து.

"பினாங்குக்கு வந்தே நாலு வருஷமாச்சே."

மன்னிக்கணும் என்று வைக்கப் போனேன்.

"இருங்க.
ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டிருக்கா?"

பார்த்தேன். போட்டிருந்தது.
பெயர் முத்து. வெப்பம் 36.4.

"என்ன வாங்கினாரு?"
மீன் மசாலா, இருநூறு கிராம்.
"இருமினாரா?"
இங்கே எல்லாரும் இருமுவாங்கம்மா.

கொஞ்ச நேரம்
மில் சத்தத்தைத்தான்
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"முத்துவாம்," என்றாள்.
"பேரை மாத்தத் தெரிஞ்சிருக்கு.
நம்பர்னு வந்தா மட்டும்
கை என்னோடதைத்தான் எழுதுது."

இலாகாவின் தாளில்
'தொடர்பு கிடைத்தது' ஒரு கட்டம்,
'கிடைக்கவில்லை' ஒரு கட்டம்.
இரண்டிலும் குறி போட்டேன்.
தாளைப் பாழாக்கிட்டியே என்று
முதலாளி
சாயங்காலம் வரை திட்டினார்.